மூன்றாம் நம்பரின் கழுத்து

விமானக் கண்காட்சியில் அத்தனை பேரும் அண்ணாந்து நிற்கும்போது ஒருவர் மட்டும் குனிந்து புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றால் கண்ணில் படாமல் போகாது. அவர் அப்படித்தான் நிற்பார். வேலியோரமாக ஓர் இடம் பிடித்து, தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டு, வலது காதில் ஒயரைச் செருகிக்கொண்டு. ஒயரின் மறுமுனை சட்டைப் பையில் இருக்கும் ஸ்கேனரில். விமானிகள் தங்களுக்குள்ளும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடும் பேசிக்கொள்வதை அலைவரிசை அலைவரிசையாகத் தேடிப் பிடிக்கிற கைவானொலி அது.

பக்கத்தில் யாராவது குடும்பத்தோடு வந்து நிற்பார்கள். எல்லோரும் வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்கள். போன விமானம் அந்தப் பக்கம்தானே போனது. இவர் மலாயில் மெதுவாக, "இடது கைப் பக்கம் திரும்புங்க. ரொம்பத் தாழ்வா வரும். ஒண்ணே ஒண்ணு" என்பார். அவர்கள் சந்தேகத்தோடு திரும்புவார்கள். நாலு மூச்சு விடுவதற்குள் அது வந்துவிடும். சத்தம் பிறகுதான் வரும். போர் விமானத்தில் அதுதான் சங்கடம், சத்தத்தை நம்பித் திரும்பினால் வெறும் வானத்தைத்தான் பார்க்கலாம். மூன்று முறை இப்படி நடந்ததும் குடும்பத்தின் தகப்பனார் அவர் தோளைத் தொட்டு, "அங்கிளுக்குக் கண்ணு ரொம்பக் கூர்மை" என்பார்.

அதற்காகவே காத்திருந்த மாதிரி அவர் தோள்பையிலிருந்து மடக்கிய வெள்ளைக் கோலை எடுத்து உதறுவார். டக் டக் டக்கென்று துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி நிமிரும். அந்தக் குடும்பம் வாயடைத்துப் போகும். அவர் முகத்தில் எதுவும் தெரியாது. என் காடிக்குத் திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது மட்டும், "இன்னிக்கு நல்லாவே கப்சிப்னு ஆயிட்டாங்க" என்று சிரித்துக்கொள்வார். இது அல்பத்தனம் என்று ஒரு முறை சொன்னேன். "அல்பம்தான் லா. இருந்துட்டுப் போவட்டுமே" என்றார்.

அவரை அழைத்துக்கொண்டு போனது மொத்தம் ஐந்தாறு முறை இருக்கும். எனக்கு விமானத்தில் துளியும் ஆர்வம் கிடையாது. விமானம் என்றால் திருச்சிக்குப் போகும்போது முழங்காலை இடிக்கிற சீட், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நின்று காது கிழிகிற சத்தத்தைக் கேட்பதற்கு எனக்கென்ன தலையெழுத்து என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் காடியைக் கிளப்புவேன். ஏன் போனேன் என்றால், அவர் கேட்டார். எதையும் யாரிடமும் கேட்காத மனிதர் கேட்கும்போது முடியாது என்று சொல்ல வாய் வருவதில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்களுடையது போட்டோஸ்டேட் கடை. பெயர் அட்டை, ரப்பர் ஸ்டாம்பு, கல்யாணப் பத்திரிகையும் உண்டு. மேல்மாடியில் பார்வையில்லாதவர்கள் நாலு பேர் சேர்ந்து நடத்திய உருட் நிலையம். கழுத்துப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு என்று வருகிறவர்களுக்குப் பிடித்துவிடுவார்கள். அவர் அவர்களில் ஒருவர். எங்கள் வட்டாரத்தில் வெள்ளைக் கோலோடு நடப்பவர்களை யாரும் நின்று பார்ப்பதில்லை. அவர்களும் யாருக்கும் பயந்து நடப்பதில்லை. நடைபாதையில் அவர்களுக்கென்று பதித்த மஞ்சள் கட்டங்களின் மேல் எவனாவது மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தால் கோலால் தட்டிப் பார்த்துவிட்டு, சொந்தக்காரன் வரும்வரை நின்று திட்டிவிட்டுத்தான் போவார்கள். இவர் திட்டுவது எங்கள் கடைக்குள் வரை கேட்கும். இப்போது மேல்மாடியில் காபிக் கடை வந்துவிட்டது. அவர் தைப்பிங்கில் உறவினர் வீட்டோடு போய்விட்டார் என்று கேள்வி.

பழக்கம் ஆரம்பித்தது இப்படி. ஒரு நாள் காலை கடை திறந்த கையோடு படியிறங்கி வந்தார். "பசியாறியாச்சா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டுக் கைப்பேசியை நீட்டினார்.

"இது எல்லாத்தையும் எனக்குப் படிச்சுச் சொல்லும். இத மட்டும் 'படம், படம்'னு சொல்லிக்கிட்டே இருக்கு. அதுக்குள்ள நம்பருங்க இருக்கும். கொஞ்சம் படிங்க."

விமானப் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து வைத்திருந்த குழுவில் யாரோ ஒரு பட்டியலைப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தார்கள். எந்தக் கண்காட்சியில் எந்த அலைவரிசை என்று வரிசையாக எண்கள். நான் படிக்கப் படிக்க அவர் ஒரு சட்டத்தை வைத்து அதில் ஆணி போன்ற ஒன்றால் குத்திக்கொண்டே வந்தார். பிரெய்ல் எழுத்துக்குக் கனத்த தாள் வேண்டுமாம். நாட்காட்டித் தாள் கிழிந்து போகிறது என்றார். கனத்த அட்டைக்கு எங்கள் கடையில் பஞ்சமே இல்லை. என் வீட்டுக்காரரின் புண்ணியத்தில் முகூர்த்த நேரம் மாறி அச்சான கல்யாணப் பத்திரிகைகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து நாட்டின் போர் விமானங்கள் பேசிக்கொள்ளும் எண்களெல்லாம் யார் யாருடைய கல்யாணத்திலோ பிள்ளையார் படத்துக்குப் பின்பக்கம் குத்தப்பட்டு அவர் பையில் இருந்தன.

ஸ்கேனரின் பொத்தான்களில் அடையாளம் வைக்க என்னிடம் நகப்பூச்சு கேட்டார். சிவப்பு வேண்டுமா ரோஸ் வேண்டுமா என்று கேட்டேன். "காஞ்சா மேடா நிக்கணும், அவ்வளவுதான்" என்றார். விமானிகள் பேச்சையெல்லாம் இப்படி ஒட்டுக்கேட்கலாமா கூடாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு முறை சுபாங் விமானத்தளத்துப் பக்கத்தில் வேலியோரம் நிற்கும்போது காவலுக்கு நின்ற இளைஞன் வந்து என்ன கருவி இது என்று கேட்டான். இவர் மறைக்கவில்லை. காதிலிருந்து ஒயரைக் கழற்றி அவனிடமே நீட்டினார். அவன் கொஞ்ச நேரம் கேட்டான், அவரை மேலும் கீழும் பார்த்தான், பையில் கோல் தெரிந்தது. "பரவால்ல பாக்சிக், இருங்க" என்று மாமா முறை வைத்துச் சொல்லிவிட்டுப் போனான். நான் பிழைத்தோம் என்று மூச்சு விட்டேன். இவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"குருடன்னு விட்டுட்டான். கண்ணு இருந்தா புடிச்சிருப்பான் தங்கச்சி. புடிச்சிருக்கணும்."

இதுதான் அவர். பிறர் கண்ணையும் வாங்கமாட்டார், பிறர் இரக்கத்தையும் வாங்கமாட்டார். சாலையைக் கடக்க யாராவது கையைப் பிடித்தால் உதறிவிடுவார். சாப்பாட்டுக் கடையில் தட்டில் என்ன எங்கே இருக்கிறது என்று பரிமாறுகிறவன் சொல்ல ஆரம்பித்தால், "கைய வெச்சா தெரியப்போவுது, நீ போ" என்பார்.

முதல் முறை போனபோது எனக்கு இது தெரியாது. பாவம், பார்க்க முடியாதவரை அழைத்து வந்திருக்கிறோம், நாம்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, "அண்ணே, நாலு விமானம் ஒட்டிக்கிட்டு வருது, வால்ல புகை" என்று ஆரம்பித்தேன்.

"வேணாம் தங்கச்சி."

"இல்லண்ணே, ரொம்ப அழகா இருக்கு, அதான்."

"உங்களுக்கு அழகா இருந்தா நீங்க பாருங்க. ஏறுறான்னா அவனே சொல்றான். திரும்புறான்னா அவனே சொல்றான். நடுவுல நீங்க எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. வெயிலில் காடி ஓட்டிக்கொண்டு வந்தவளிடம் பேசுகிற பேச்சா இது. திரும்பும்போது பாதி வழி நான் வாயே திறக்கவில்லை. அவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அடுத்த முறை ஒயரை இரண்டாகப் பிரிக்கிற சாதனம் ஒன்றை வாங்கி வந்து, இன்னொரு முனையை என் கையில் கொடுத்தார். அதுதான் அவருடைய மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

காதில் கேட்டது எனக்குப் பெரிதாக ஒன்றும் புரியவில்லை. நாலு விமானம் சேர்ந்து பறந்தால் தலைவர்தான் அதிகம் பேசுவார். மற்றவர்கள் கிளம்புமுன் வரிசையாக "டூ", "த்ரீ", "ஃபோர்" என்று ஆஜர் கொடுப்பார்கள், பள்ளிக்கூடத்தில் கொடுப்பதுபோல. பிரிந்து போய் மறுபடி சேரும்போது ஒவ்வொருவரும் "டூ இன்", "த்ரீ இன்" என்று சொல்வார்கள். மற்ற நேரத்தில் தலைவரின் மூச்சுதான் கேட்கும். திரும்பும்போது உடம்பின் கனம் பல மடங்காகிறதாம், அந்தக் கனத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். மூட்டை தூக்குகிறவன் பேசுவது மாதிரி இருக்கும்.

கண்காட்சியில் கேட்டதைத் திசை சொல்வதற்கு மேல் அவர் யாரிடமும் சொன்னதில்லை. மேல்மாடியில் கைக்குத் தெரிந்ததையும் அப்படித்தான். யார் வருகிறார்கள், யாருக்கு என்ன நோவு, ஒரு வார்த்தை வராது. எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு மனிதர் இருப்பது அபூர்வம். என் வீட்டுக்காரர் பாலில்லாத தே ஓ டீ வாங்கிக் கொடுத்தெல்லாம் வாயைக் கிளறிப் பார்த்தார். இவர் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

அதனால் செவ்வாய்க்கிழமைக்காரரைப் பற்றி நானாக ஊகித்ததுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய், மூன்று மணிக்கு ஒருவர் வருவார். மலாய்க்காரர், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஒட்ட வெட்டிய முடி, தேய்த்த சட்டை. எங்கள் படியில் அவ்வளவு ஒரே சீராக விழுகிற ஷூ சத்தத்தை நான் கேட்டதில்லை. ஏறும்போது கடைப் பக்கம் திரும்புவதென்றால் கழுத்து திரும்பாது, உடம்பு முழுக்கத் திரும்பும். முக்கால் மணி நேரம் கழித்து இறங்கும்போது கழுத்து மட்டும் திரும்பும். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போவார்.

அந்த வருடக் கண்காட்சிக்கு முந்தைய வாரம் ஒத்திகை நடந்தது. ஒத்திகைக்கும் போக வேண்டும் என்றார், போனோம். வேலிக்கு வெளியே புல்தரையில் நின்றுகொண்டு கச்சாங் பூத்தே கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தார். காதில் ஆஜர் ஆரம்பித்தது. "டூ." "த்ரீ." "ஃபோர்." அவர் வாய் அசைவது நின்றது.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல."

ஆனால் அதற்குப் பிறகு அவர் யாருக்கும் திசை சொல்லவில்லை. ஒரு கை தானாக அவருடைய கழுத்துக்குப் போய், காதுக்குக் கீழே ஓர் இடத்தை அழுத்திக்கொண்டே இருந்தது. கோலை எடுத்துக் காட்டி யாரையும் பயமுறுத்தவும் இல்லை. நேராகக் காடிக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஃபெடரல் ஹைவேயில் நல்ல ஜேம். அங்கேதான் சொன்னார்.

"செவ்வாக்கெழம மூணு மணிக்கு ஒருத்தரு வருவாரு. ஷூ சத்தம் கேட்டிருப்பீங்க."

"ஆமா. ராணுவக்காரரு மாதிரி."

"ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலன்னு சொன்னாரு. நானும் நம்பிட்டேன். அவருதான் மூணாம் நம்பரு."

"ஒரே ஒரு வார்த்தை. அத வெச்சா சொல்றீங்க?"

"அந்தக் குரலு இருவது தடவைக்கு மேல என் கைக்குக் கீழ முனகியிருக்கு தங்கச்சி."

காடி ஓர் அடி நகர்ந்து நின்றது. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். மூன்றாவது விமானம் தலைவருக்கு இடப்பக்கம் ஒட்டிப் பறக்கும். ஓட்டுகிறவர் முன்னால் பார்ப்பதே இல்லை, தலையை வலப்பக்கம் திருப்பித் தலைவரின் விமானத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வலப்பக்கம் திரும்பாத கழுத்து அது. இவர் பிடித்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாள் திரும்பும், அப்புறம் இறுகிவிடும்.

"அவங்களுக்கு டாக்டர் இல்லாமயா இருப்பாங்க?" என்று அவரே கேட்டுக்கொண்டார். " அங்க போனா பறக்க விடாம எறக்கி உக்கார வெச்சிருவாங்க. அதான் கம்ப்யூட்டர்னு சொல்லிட்டு இங்க வராரு."

"அப்ப நீங்க நல்லதுதானண்ணே பண்றீங்க. வலிய கொறைக்கறீங்க."

"நான் கொறைக்கலன்னா டாக்டர்கிட்ட போயிருப்பாரு. என் கையாலதான் அவரு மேல பறந்துக்கிட்டு இருக்காரு. பக்கத்துல இன்னும் மூணு பேரு, கீழ இத்தன குடும்பம்."

யாரிடமாவது சொல்லிவிடலாமே என்றேன். "யாருகிட்ட? போன் பண்ணி, பிரிக்ஃபீல்ட்ஸ்ல உருட் பண்றவன் பேசறேன், உங்க ஆளு ஒருத்தருக்குக் கழுத்து சரியில்லன்னா? அவரு பேரு கூட எனக்குத் தெரியாது" என்றார். எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. வாழ்நாள் முழுக்க எதையும் சொல்லாத மனிதர், இதை மட்டும் ஏன் என்னிடம் சொல்லித் தொலைத்தார்.

அடுத்த செவ்வாய் மூன்று மணிக்கு ஷூ சத்தம் ஏறியது. ஐந்து நிமிடத்தில் இறங்கியது. அந்த மனிதர் முதல் முறையாக எங்கள் கடைக்குள் வந்தார். உடம்பு முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அக்கா, அவர்கிட்ட நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்றார் மலாயில். "இனிமே தொடமாட்டேன், உங்க டாக்டர்கிட்ட போங்கன்னு சொல்றாரு. வேற ரெண்டு எடத்துல முன்னயே பாத்துட்டேன். யாருக்கும் அந்த எடம் கெடைக்கல. அவருக்கு மட்டும்தான் கெடைக்குது."

"டாக்டர்கிட்ட போனா என்ன?"

"பதினோரு வருசமா இதுக்காகத்தான் அக்கா இருக்கேன். இந்தக் குழுவுல எடம் கெடச்சு ஒரு வருசம் கூட ஆகல." சிரிக்க முயன்றார். "ஞாயித்துக்கெழம மட்டும்தான். அப்புறம் போயிடறேன்."

நான் மேலே போய்ச் சொன்னேன். அவர் கட்டிலில் விரித்திருந்த துண்டை மடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழம மட்டும்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க" என்றார். "தொடமாட்டேன். நான் தொடலன்னா அவரால ஏற முடியாது. ஏற முடியலன்னா நல்லது." அவர் கணக்கு அப்படி இருந்தது. எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர் கடை வாசலில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே வந்து நின்றார். வேலியோரம் கூட்டம் நிறைந்துவிட்டது. பக்கத்தில் பாயை விரித்து ஒரு குடும்பம், ஐஸ் பெட்டியெல்லாம் வைத்துக்கொண்டு. அவர் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் தடவிப் பார்த்து அலைவரிசை எண்ணை ஸ்கேனரில் போட்டார். நானும் ஒயரைக் காதில் வைத்துக்கொண்டேன். வேறு யாராவது அந்த இடத்தில் பேச வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வழக்கமாக எதற்கும் வேண்டிக்கொள்கிறவள் இல்லை நான்.

"டூ."

"த்ரீ."

அவர் கண்களை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடி நான் பார்த்தது அப்போதுதான். "அவருதான்" என்றார்.

அந்த மனிதர் ஏறிவிட்டார். பிடித்துவிடாத கழுத்தோடு ஏறிவிட்டார். இவர் செய்ததெல்லாம் அதை இன்னும் மோசமாக்கியதுதான். அது எனக்கு உறைத்த அதே கணத்தில் அவருக்கும் உறைத்திருக்கும், வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

நாலும் கிளம்பின, நாலும் ஒட்டிப் பறந்தன, கூட்டம் கை தட்டியது. அவர் நிமிரவே இல்லை. பத்து நிமிடம் இருக்கும். பிறகு நாலும் மேலே போய்ப் பூ விரிந்ததுபோல நாலு பக்கம் பிரிந்தன. அதுதான் கூட்டத்துக்குப் பிடித்த கட்டம். பிரிந்தவை சுற்றி வந்து மறுபடி சேர வேண்டும். நான் காதைக் கொடுத்துக் காத்திருந்தேன்.

"டூ இன்."

அடுத்தது வரவில்லை. கரகரவென்ற சத்தம் மட்டும். தலைவர் ஏதோ ஒரு வார்த்தை கேட்டார். பதில் இல்லை.

அவர் என் கையைப் பிடித்தார். யாரும் பிடித்தால் உதறுகிறவர், மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"தங்கச்சி, மூணாவது எங்க? பாருங்க. சொல்லுங்க."

பார்த்தேன். நேர் எதிரே வெயில். வானத்தில் புகைக் கோடுகள், ஒரு பக்கம் இரண்டு புள்ளி, இன்னொரு பக்கம் ஒன்று, இன்னொன்று எங்கே என்று தெரியவில்லை. இருப்பதில் எது மூன்றாவது என்றும் தெரியவில்லை. ஐந்தாறு முறை வந்திருக்கிறேன், ஒரு முறையாவது எது எங்கே பறக்கும் என்று நான் கவனித்ததில்லை. அண்ணே, எனக்குத் தெரியலை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பிடியில் என்னால் முடியவில்லை.

"சேந்துருச்சுண்ணே. பக்கத்துலயே வந்துருச்சு. நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"சரி" என்றார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் குரல் வந்தது. எத்தனை நொடி கழித்து என்று எண்ணவில்லை, ஆனால் பிறகுதான். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற குரல்.

"த்ரீ இன்."

அவர் என் மணிக்கட்டை விட்டார். நாலும் இறங்கும்வரை அப்படியே நின்றார். பக்கத்துக் குடும்பத்தில் ஒரு பெண்மணி குளிர்ந்த தண்ணீர் போத்தலை எடுத்து, "அங்கிளுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு நீட்டினார். வாங்கிக் குடித்தார். அதுவும் அவர் செய்யாத காரியம்.

அடுத்து வந்த செவ்வாய் அந்த மனிதரின் முறை இல்லை. ஆனாலும் வந்தார், சீராக விழுகிற ஷூ சத்தம் அன்றைக்குப் படிக்கு ஒரு தடவை நின்று நின்று ஏறியது. நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் இறங்கினார். கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

கடை மூடுமுன் மேல்மாடியிலிருந்து அவரே இறங்கி வந்தார். ஸ்கேனரையும் பத்திரிகைக் கட்டையும் மேசைமேல் வைத்தார்.

"வெச்சுக்குங்க. இல்ல, யாருக்காவது குடுத்துருங்க."

"அவர மறுபடி தொட்டுட்டீங்களா?"

"தொட்டேன். கழுத்து கட்டையா இருந்துச்சு. அப்படியே விட்டா அடுத்த தடவையும் அதோட ஏறுவாரு. நிக்கமாட்டாரு, அது தெரிஞ்சுபோச்சு." பத்திரிகைக் கட்டை என் பக்கம் தள்ளினார். "கழுத்தும் எனக்குத் தெரியும், குரலும் எனக்குத் தெரியும்னா சாப்பாடு எறங்கல தங்கச்சி. ஒண்ணுதான் வெச்சுக்க முடியும். கை எனக்குப் பொழப்பு."

அவர் செய்தது சரியா என்று கேட்டால், இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். எப்படியாவது, யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நான் அதைச் சொல்லவும் இல்லை. சேர்ந்துவிட்டது என்று சொன்ன வாய் என்னுடையது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய் ஷூ சத்தம் வந்துகொண்டிருந்தது.

சில மாதம் கழித்து இன்னொரு கண்காட்சி வந்தது. அழைத்துப் போகச் சொல்லி அவர் கேட்கவில்லை. அதற்கு முந்தின நாள் மாலை மட்டும் கடைப் படியில் வந்து நின்றார். எதையோ கேட்க வந்தவர் நெடுநேரம் வேறு எதையோ பேசினார், கொசு அதிகமாகிவிட்டது என்றார். பிறகு, "நாளைக்கு உங்களுக்கு வேல இருக்கா தங்கச்சி?" என்றார்.

"போகணுமா?"

"நான் வரல. நீங்க போயிட்டு வாங்க. வேற ஒண்ணும் வேணாம். எத்தன ஏறுது, எத்தன எறங்குதுன்னு மட்டும் பாத்துட்டுச் சொல்லுங்க."

போனேன். விமானத்தில் துளியும் ஆர்வமில்லாதவள், தொப்பி வைத்துக்கொண்டு, வேலியோரம் முன்வரிசையில் போய் நின்றேன். ஓடுபாதையில் வரிசையாக நின்றபோதே மூன்றாவது எது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். கண்ணில் நீர் வழிய வழிய அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். பிரிந்தபோது அது மட்டும் மேகத்துக்குள் போய்விட்டது. அது வெளியே வரும்வரை நான் இருந்த இருப்பை இங்கே எழுத முடியவில்லை. வந்தது. சேர்ந்தது. ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியாக இறங்கியது அதுதான். சக்கரம் தரையில் உருண்டு, வேகம் குறைந்து, திரும்பி நிற்கும்வரை நான் நகரவில்லை.

பிறகு அவருக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்துத்தான் எடுத்தார்.

"அண்ணே, நாலு ஏறுச்சு. நாலும் எறங்கிருச்சு."

வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"தங்கச்சி."

"சொல்லுங்கண்ணே."

"இந்தத் தடவ பாத்துட்டுத்தானே சொல்றீங்க?"

"பாத்துட்டுத்தாண்ணே" என்றேன்.